இரு நிரல்களில் அடங்காத மண்

கரும்பலகையின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு. இடப்பக்கம் உலோகம்; வலப்பக்கம் அல்லுலோகம். இரும்பு, செம்பு, நாகம், அலுமினியம், சோடியம் என்பன ஒரு நிரலில். காபன், கந்தகம், பொசுபரசு, ஒட்சிசன், நைதரசன் என்பன மறு நிரலில். மாணவர் அதனைக் கொப்பியிற் பெயர்த்தெழுதுகின்றனர், மனனஞ் செய்கின்றனர், பரீட்சையில் ஒப்புவிக்கின்றனர். மலையகத்தின் எத்தனையோ வகுப்பறைகளில் மூலகங்களைப் பற்றிய கல்வி இவ்வளவில் தொடங்கி இவ்வளவில் முடிந்துவிடுகிறது. அக்கோடு எங்கிருந்து வந்தது, யார் வரைந்தது, எதற்காக வரைந்தது என்ற வினாக்கள் எழுவதில்லை. எழாத வினாவுக்கு விடை தேடுவாரும் இல்லை.

இவ்வாறு கற்பிப்பது எளிமைப்படுத்துதல் எனக் கூறி அமைதி காண்போர் உளர். அஃது எளிமைப்படுத்துதல் அன்று, பிழைபடுத்துதல். எளிமை என்பது உண்மையின் ஒரு பகுதியைத் தெளிவாகக் காட்டுவது. இரு நிரற் பட்டியலோ, ஒரு நடத்தையைப் பற்றிய கேள்வியைப் பெயர்களின் சாதிப் பிரிவாக மாற்றிவிடுகிறது. ‘இப்பொருள் எவ்வாறு நடந்துகொள்கிறது?’ என்று கேட்க வேண்டிய இடத்தில் ‘இஃது எந்தக் குலம்?’ என்று கேட்கப் பழக்குகிறது. அப்பழக்கம் இரசாயனப் பாடத்தோடு நின்றுவிடுவதும் இல்லை.

முதலில் அப்பட்டியலுக்கு ஆதாரமாகக் கூறப்படும் இலக்கணங்களை நோக்குவோர் ஒவ்வொன்றும் விதிவிலக்கின் முன் தளர்வதைக் காண்பர். உலோகம் திண்மமாக இருக்கும் என்பர். இரசம் அறை வெப்பநிலையில் திரவமாக ஓடுகிறது. உலோகம் பாரமானது என்பர். சோடியமும் பொற்றாசியமும் நீரில் மிதக்கின்றன. அல்லுலோகம் பளபளப்பற்றது என்பர். அயடீன் பளிங்கு உலோகம் போல் மினுங்குகிறது. அல்லுலோகம் வெப்பத்தைக் கடத்தாது என்பர். காபனின் ஒரு வடிவமாகிய வைரம் செம்பினும் மிகுதியாக வெப்பத்தைக் கடத்துகிறது. அல்லுலோகம் மின்னைக் கடத்தாது என்பர். அதே காபனின் மற்றொரு வடிவமாகிய காரீயம் மின்னைக் கடத்துகிறது.

இவற்றுள் இறுதியானது இந்நாட்டுப் பிள்ளைகளுக்குப் பிறநாட்டுச் செய்தி அன்று. கேகாலை மாவட்டத்துப் போகலையிலும் குருநாகல் மாவட்டத்துக் கஹட்டகஹவிலும் அகழ்ந்தெடுக்கப்படும் காரீயம், தூய்மையில் உலகப் புகழ் பெற்றது. மாணவன் கையிலுள்ள பென்சிலின் நடுக்கூரும் காரீயமும் களிமண்ணும் கலந்து செய்யப்படுவதே. ஒரு மின்சூள் மின்கலம், ஒரு சிறு குமிழ், இரண்டு கம்பித் துண்டுகள், இருபுறமும் சீவிய ஒரு பென்சில் ஆகியன போதும்; பாடநூலின் இரண்டாம் நிரல் அங்கேயே பதில் சொல்ல வேண்டி வரும். ஆயினும், அப்பென்சிலாலேயே ‘அல்லுலோகம் மின்னைக் கடத்தாது’ என்று எழுதப்படுகிறது.

இக்கோடு இயற்கை வரைந்த கோடு எனின் காலந்தோறும் இடம் பெயர்ந்திராது. 1789 ஆம் ஆண்டு இலவோசியே வெளியிட்ட பட்டியலில் 33 எளிய பொருள்கள் இருந்தன. ஒளியும் வெப்பமும்கூட அவற்றுள் அடங்கின. அன்று உலோகங்களின் வரிசையில் ஆசனிக்கும் அந்திமனியும் இடம்பெற்றன. இன்று அவை இரண்டும் உலோகப்போலிகள் எனப்படுகின்றன. அலுமினியத்தின் ஒட்சைட்டும் சிலிக்கனின் ஒட்சைட்டும் அன்று ‘மண்கள்’ என்னும் தனி வகுப்பில் வைக்கப்பட்டன. 1807 ஆம் ஆண்டு டேவி பொற்றாசியத்தையும் சோடியத்தையும் பிரித்தெடுத்தபோது, நீரினும் அடர்த்தி குறைந்த பொருளை உலோகம் என்பதா என்று அறிஞர் தயங்கினர். 1817 ஆம் ஆண்டு செலனியத்தைக் கண்டறிந்த பேர்சிலியசு அதனை உலோகம் என எண்ணி உலோகப் பெயர் விகுதியே கொடுத்தார். விகுதி நிலைத்தது, எண்ணம் நிலைக்கவில்லை. 1886 ஆம் ஆண்டு விங்கிளர் கண்டறிந்த ஜேர்மானியம் நெடுங்காலம் உலோகமாகக் கொள்ளப்பட்டுப் பின்னரே குறைகடத்தியாக அறியப்பட்டது. மேதைகள் பலமுறை அழித்தெழுதிய கோட்டை மலையகப் பிள்ளை மட்டும் அழியாக் கோடாக மனனஞ் செய்ய வேண்டும் என்பது எந்த நியாயம்?

உலோகப்போலி என மூன்றாம் நிரல் ஒன்றைச் சேர்த்துவிட்டால் குறை தீரும் என்பார் உளர். ஒரு கோட்டுச் சண்டை இரு கோட்டுச் சண்டையாகும்; அவ்வளவே. போரன், சிலிக்கன், ஜேர்மானியம், ஆசனிக்கு, அந்திமனி, தெலூரியம் என்பவற்றைப் பெரும்பாலான நூல்கள் அதில் வைக்கின்றன. செலனியம், பொலோனியம், அசற்றற்றீன் என்பவற்றில் நூலுக்கு நூல் வேறுபாடு உண்டு. ஐதரசனோ ஆவர்த்தன அட்டவணையின் இடப்புறம் சோடியத்தின் தலைமேல் அமர்ந்திருக்கிறது, ஆனால் வாயு. மிகப் பேரமுக்கத்தில் அதுவும் உலோகமாகும் என 1935 ஆம் ஆண்டு விக்னரும் ஹன்ரிங்டனும் எதிர்வுகூறினர். வியாழக் கோளின் உள்ளே ஐதரசன் அந்நிலையிலேயே உள்ளது என்பது வானியலாரின் கொள்கை. ஆகவே உலோகத்தன்மை என்பது மூலகத்தின் பிறப்புரிமை அன்று. அணுக்கள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன, எந்த வெப்பநிலையில், எந்த அமுக்கத்தில் உள்ளன என்பவற்றைச் சார்ந்த ஒரு நிலை.

இனி, பாடநூலை மூடிவிட்டு மலையை நோக்குதல் தகும். நுவரெலியாவின் வீட்டு முற்றங்களிலும் தோட்டத்துப் பங்களாக்களின் வேலியோரங்களிலும் ஐதராஞ்சியாப் பூக்கள் கொத்துக் கொத்தாகப் பூக்கின்றன. அவற்றுட் பல நீலம். அதே செடியைச் சுண்ணாம்பிட்ட மண்ணில் வைத்தால் பூ இளஞ்சிவப்பாகும். விதை மாறவில்லை, செடி மாறவில்லை. அமில மண்ணில் அலுமினியம் அயனாகக் கரைந்து வேர்வழி ஏறிப் பூவின் நிறப்பொருளோடு பிணைவதால் நீலம் தோன்றுகிறது. சுண்ணாம்பு மண்ணின் அமிலத்தைத் தணித்ததும் அலுமினியம் கரையாத வடிவில் மண்ணிலேயே தங்கிவிடுகிறது, நீலமும் போய்விடுகிறது. அலுமினியத்தின் இரசாயனத்தை இதனினும் அழகாகக் கற்பிக்கும் ஆய்வுகூடம் எந்நகரத்துக் கல்லூரியிலும் இல்லை. அதன் அருகே நடந்து பாடசாலைக்குச் செல்லும் பிள்ளை, வகுப்பறையில் ‘அலுமினியம்: உலோகம்’ என்ற இரு சொற்களை மட்டும் பெற்றுத் திரும்புகிறது.

தேயிலையின் கதை இன்னும் ஆழமானது. தேயிலை அமில மண்ணை விரும்பும் பயிர், பீ.எச். பெறுமானம் 4.5 இற்கும் 5.5 இற்கும் இடைப்பட்ட மண்ணே அதற்கு உகந்தது. அத்தகைய மண்ணிற் கரையும் அலுமினிய அயன் பெரும்பாலான பயிர்களின் வேர்நுனியைக் கருக்கிவிடும். தேயிலையோ அதனை உறிஞ்சி முற்றிய இலைகளிற் சேர்த்துவைத்துக்கொண்டு செழிக்கிறது. கொழுந்தில் அது குறைவு, முற்றிலையில் மிகுதி. அலுமினியத்தின் ஒட்சைட்டு அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். அதனால் ஈரியல்புடையது எனப்படும். உலோக ஒட்சைட்டு மூலவியல்புடையது, அல்லுலோக ஒட்சைட்டு அமிலவியல்புடையது என்ற பழைய வாய்பாட்டுக்கு இது நேரே முரணானது. மலையகத்தின் தேயிலைப் பொருளாதாரம் வேரூன்றி நிற்கும் மண்ணில் நிறைந்திருக்கும் மூலகமே அந்த வாய்பாட்டை ஒப்ப மறுக்கிறது.

இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிவாகக் கூறுதல் வேண்டும். அலுமினியத் தகடு உலோகமே, அதில் ஐயமில்லை. ஆனால் மண்ணிலிருப்பது தகடன்று. மூன்று இலத்திரன்களை இழந்த அயன். தகட்டின் பளபளப்பும் கடத்துதிறனும் அதற்கில்லை. உலோகம், அல்லுலோகம் என்னும் பெயர்கள் தனிநிலையிலுள்ள மூலகப் பொருளைக் குறிப்பவை. சேர்வையிலுள்ள அயனைக் குறிப்பவை அல்ல. இரு நிரற் பட்டியல் மறைப்பது இவ்வேறுபாட்டையே. ‘கீரையில் இரும்பு உண்டு’ என்பதைக் கேட்ட பிள்ளை ஆணியை நினைக்கிறதெனின் பிழை பிள்ளையினதன்று.

தோட்டத்து உரச்சாக்கும் ஒரு பாடநூல்தான். அமோனியம் சல்பேற்று மலையகத் தேயிலைக்கு நெடுங்காலம் இடப்பட்டு வந்த உரம். அமோனியம் என்பது நைதரசனும் ஐதரசனும் சேர்ந்தது. இரண்டும் வலப்பக்க நிரலைச் சேர்ந்தவை எனக் கற்பிக்கப்படுபவை. ஆயின் அவ்விரண்டும் சேர்ந்த அமோனியம் அயன், பொற்றாசியம் அயனைப் போன்றே உப்புகளை ஆக்குகிறது, நீரிற் கரைகிறது, களிமண் துணிக்கையிற் பற்றி நிற்கிறது. 1808 ஆம் ஆண்டளவில் அதனை இரசத்தோடு சேர்த்துப் பார்த்த அறிஞர் உலோகக் கலவை போன்றதொரு பொருளைக் கண்டு வியந்தனர். உலோகம் ஒன்றேனும் இல்லாமலே உலோக அயனின் தொழில் நடைபெறுகிறது. குலத்தைக் கேட்டவன் திகைப்பான். நடத்தையைக் கேட்டவன் விளங்கிக்கொள்வான்.

இத்தனையும் பாடசாலைக்குள் அடங்கும் சிறு வழக்கெனின் இவ்வளவு கூற வேண்டியதில்லை. இரு நிரல்களிற் பழகிய மனம் வளர்ந்தபின் அரசியலுக்கும் அதனைக் கொண்டு செல்கிறது. ‘கன உலோகம்’ என்னும் சொல் இலங்கையில் வடமத்திய மாகாணத்துச் சிறுநீரக நோய் பற்றிய விவாதங்களோடு ஊரெங்கும் பரவியது. ஆசனிக்கும் கட்மியமும் ஈயமும் அப்பெயரால் ஒருங்கே சுட்டப்பட்டன. ஆசனிக்கு உலோகப்போலி, செம்பும் நாகமும் அடர்த்தியால் கன உலோகங்களே எனினும் உயிர்க்கு இன்றியமையாதவை. கொழுந்து தேயிலையாகக் கறுப்பதற்குக் காரணமான நொதியத்தில் செம்பு உண்டு. நாகக் குறைபாடுள்ள தேயிலைக்கு நாக சல்பேற்றுக் கரைசல் தெளிக்கப்படுகிறது. ‘கன உலோகம்’ என்பதற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட வரைவிலக்கணமே இல்லை என இரசாயனவியலின் சர்வதேச ஒன்றியத்தின் ஆய்வேட்டில் டவசு என்னும் அறிஞர் 2002 ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். நஞ்சு என்பது மூலகத்தின் பெயரில் இல்லை. எந்தச் சேர்வையில், எந்த அளவில், எவ்வழியே உடலுட் புகுகிறது என்பதில் உள்ளது. மூன்று வலுவளவுள்ள குரோமியமும் ஆறு வலுவளவுள்ள குரோமியமும் ஒரே மூலகமாயினும் ஒன்றினும் மற்றது பன்மடங்கு கொடியது.

இவ்வேறுபாடுகளை ஆராயாத நாடு 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரே ஆணையால் இரசாயன உரங்களின் இறக்குமதியைத் தடை செய்தது. சேதனம் நல்லது, இரசாயனம் தீயது என்ற மற்றோர் இரு நிரற் பட்டியலே அதன் நியாயமாயிற்று. சாணத்திலிருந்து வரினும் யூரியாவிலிருந்து வரினும் நைதரசன் வேரைச் சென்றடைவது பெரும்பாலும் அமோனியமாகவோ நைத்திரேற்றாகவோதான் என்ற எளிய செய்தி ஆள்வோர் காதில் ஏறவில்லை. அவ்வாண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டது. எனினும் விலையேற்றமும் தட்டுப்பாடும் தொடர்ந்தன. 2021 ஆம் ஆண்டு ஏறத்தாழ 30 கோடி கிலோகிராமாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022 ஆம் ஆண்டு ஏறத்தாழ 25 கோடி கிலோகிராமாகச் சரிந்தது. பொருளாதார நெருக்கடியும் அதற்குக் காரணம், உரமின்மையும் காரணம். கொழுந்து குறைந்தபோது எடை குறைந்த கூடை யாருடைய முதுகில் இருந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பட்டியலை எழுதியவர்கள் கொழும்பில் இருந்தனர். விலை கொடுத்தவர்கள் மலையில் இருந்தனர்.

உரத்தை அளவின்றிக் கொட்டலாம் என்பது இதன் பொருளன்று. அமோனியம் சல்பேற்றும் யூரியாவும் மண்ணின் அமிலத்தை மேலும் பெருக்குவன. அதனாலேயே கவ்வாத்துக் காலத்தையொட்டித் தொலமைற்று இடப்படுகிறது. அது கல்சியமும் மகனீசியமும் கொண்ட காபனேற்று. மண்ணை அளவோடு தணிக்கும், இலையின் பச்சையத்துக்கு வேண்டிய மகனீசியத்தையும் கொடுக்கும். மிகையாக இட்டாலோ தேயிலை விரும்பும் அமிலமே போய்விடும். எப்பாவலைப் பொசுபேற்றுப் பாறைத் தூளும் அவ்வாறே. அமில மண்ணில் அது மெல்லக் கரைந்து பயன்படும், நெல்வயலில் அவ்வளவு பயன்படாது. எவ்வளவு, எப்போது, எந்த மண்ணில் என்ற கேள்விகளே விவசாய இரசாயனம். இக்கேள்விகளை ஆராய்வதற்கென்றே 1925 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையிலேயே இருக்கிறது. அதன் வேலிக்கு வெளியே உள்ள லயங்களின் பிள்ளைகளுக்கு மட்டும் இரு நிரற் பட்டியல் போதுமாம்!

எதிர்வாதங்கள் மூன்று கூறப்படுவதுண்டு. இளம் பிள்ளைகளுக்கு இவ்வளவு சிக்கல் ஆகாது என்பது முதலாவது. பிள்ளைகள் சிக்கலுக்கு அஞ்சுவதில்லை. பொருளற்ற மனனத்துக்கே அஞ்சுகின்றனர். ‘பெரும்பாலான உலோகங்கள் இவ்வாறு நடக்கும், இதோ நடக்காத ஒன்று, ஏன்?’ என்று கேட்பது பட்டியலைவிடக் கடினமன்று. அணுக்கள் தம் இலத்திரனை எளிதில் விட்டுக்கொடுக்கின்றனவா, இறுகப் பற்றுகின்றனவா என்ற ஒரே கருத்து, ஆவர்த்தன அட்டவணையில் இடமிருந்து வலமாக உலோகத்தன்மை குறைவதையும், மேலிருந்து கீழாகக் கூடுவதையும் விளக்கிவிடும். தனித்தனிப் பெயர்களை மனனஞ் செய்வதினும் ஒரு சாய்வை விளங்கிக்கொள்வது எளிது.

பரீட்சையில் பட்டியலே கேட்கப்படுகிறது என்பது இரண்டாவது. காரணம் அறிந்தவன் பட்டியலையும் எழுதுவான்; பட்டியல் மட்டும் அறிந்தவன் காரணம் கேட்கப்படும் நாளில் எழுதாது விழிப்பான். உயர்தர வகுப்பின் இரசாயனம் காரணத்தைக் கேட்கும் பாடம். கீழ்வகுப்பில் ஊட்டப்படும் பட்டியற் கல்வி, மலையக மாணவர் விஞ்ஞானப் பிரிவை நோக்கி எடுத்துவைக்கும் அடியை முதலிலேயே தடுக்கும் மறைமுகமான வேலியாகிறது.

ஆய்வுகூடம் இல்லாத பாடசாலையில் வேறென்ன செய்வது என்பது மூன்றாவது. இவ்வாதத்தில் உண்மையான வேதனை உண்டு. கூடமும் ஆசிரியரும் கேட்டுப் பெறவேண்டியவை என்பதில் இரு கருத்தில்லை. ஆனால் இல்லாமை சிந்தியாமைக்கு அனுமதிச் சீட்டாகாது. நுவரெலியாத் தோட்டங்களில் விளையும் சிவப்புக் கோவாவின் சாறு அமிலத்திற் சிவக்கும், காரத்திற் பச்சையாகும். தேநீரில் எலுமிச்சம் சாறு பிழிந்தால் நிறம் வெளிறும். ஆசிரியர் முன்னிலையில் நீறிய சுண்ணாம்புக் கரைசலில் மெல்லிய அலுமினியத் தாள் ஒன்றை இட்டால் ஐதரசன் குமிழிகள் எழும். காரத்தோடு தாக்கம் புரியும் உலோகத்தைப் பிள்ளைகள் கண்ணாற் காண்பர். தொழிற்சாலையில் தேயிலைத் தூளிலிருந்து இரும்புத் துகளைக் காந்தம் பிரித்தெடுக்கிறது. அதே காந்தத்தால் அலுமினியத் துகளைப் பிரிக்க இயலுமா என்று ஒரு பிள்ளை கேட்டால் அன்று பாடம் தொடங்கியதாகக் கொள்ளலாம்.

இம்மூன்றின் பின்னாலும் சொல்லப்படாத நான்காவது வாதம் ஒன்று ஒளிந்திருக்கிறது. கொழுந்து பறிப்பவளின் மகளுக்கு இவ்வளவு அறிவு எதற்கு என்பதே அது. வாய்விட்டுக் கூறுவார் இன்று அரியர். செயலிற் காட்டுவார் பலர். இவ்வாதத்துக்கு இரசாயனத்தால் விடை கூற வேண்டியதில்லை, வரலாறே கூறிவிட்டது. பெயரை ஒட்டி மனிதரை நிரல்படுத்துதல் எத்தகையது என்பதை மலையக மக்கள் போல் அறிந்தவர் இலர். 1911 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் அவர்கள் ‘இந்தியத் தமிழர்’ என்னும் தனி நிரலிற் பதியப்பட்டனர். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஆம் ஆண்டு ஸ்ரீமாவோ-சாஸ்திரி உடன்படிக்கை 525,000 பேர் ஒரு நாட்டுக்கு, 300,000 பேர் மற்றொரு நாட்டுக்கு, 150,000 பேர் பின்னர் பார்க்கலாம் எனக் கணக்கெழுதியது. பின்னர் பார்த்தது 1974 இல். அதுவும் சரிபாதியாகப் பிரித்து. யார் எங்கே பிறந்தார், எந்த மண்ணில் உழைத்தார், எங்கே வாழ விரும்பினார் என்பனவற்றைக் கேட்டு அவ்வெண்கள் எழுதப்படவில்லை. எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் நிறைவேற 2003 ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

மூலகத்தைப் பிரிப்பதும் மனிதரைப் பிரிப்பதும் ஒன்றல்ல. முன்னையது அறிவின் தேவை, பின்னையது அநீதி. வகைப்படுத்தாமல் விஞ்ஞானம் இல்லை; மெண்டெலீவு 1869 இல் வகைப்படுத்தியிராவிட்டால் ஜேர்மானியத்தின் பண்புகளை அது கண்டறியப்படுமுன்னரே கூறியிருக்க இயலாது. ஆனால் அவர் வகைப்படுத்திய முறை வேறு. மூலகங்களின் நடத்தையைக் கூர்ந்து நோக்கி, பொருந்தாத இடத்தைப் பொருந்தியதாகக் காட்டாது வெற்றிடமாக விட்டுவைத்தார். வெற்றிடத்தை மதிக்கும் வகைப்பாடு அறிவை வளர்க்கும். பொருந்தாததை மறைக்கும் வகைப்பாடு அதனைக் கொல்லும். தாம் இடப்பட்ட நிரலை ஏன் என்று கேட்க உரிமை மறுக்கப்பட்ட ஒரு சமுதாயத்தின் பிள்ளைகள், எந்த நிரலையும் ஏன் என்று கேட்கும் கல்வியை முதலிற் பெறுவதற்கு உரியவர்கள்.

ஆதலால் வேண்டுவன சில. உலோகமும் அல்லுலோகமும் பெயர்ப் பட்டியலாக அன்றிச் சோதனையாகக் கற்பிக்கப்படுதல் வேண்டும். ஒவ்வோர் இலக்கணத்தோடும் அதற்கு அடங்காத ஒரு மூலகம் கூறப்படுதல் வேண்டும். மலையகப் பாடசாலைகளின் விஞ்ஞானப் பாடத்தில் தேயிலை மண்ணும் அலுமினியமும் தொலமைற்றும் இடம்பெறுதல் வேண்டும். ஆசிரிய பயிற்சியில் இவற்றுக்கு நேரம் ஒதுக்கப்படுதல் வேண்டும். பல்கலைக்கழகம் புகுந்த மலையக மாணவர் விடுமுறையில் ஊர் திரும்பும்போது ஒரு மின்கலத்தையும் ஒரு குமிழையும் பையில் எடுத்துச் செல்வாராயின், அரசின் சுற்றறிக்கைக்குக் காத்திராமலே இப்பணி தொடங்கிவிடும்.

கரும்பலகைக் கோட்டை அழிக்க வேண்டுமென்பதன்று கோரிக்கை. அதனை வரைந்த கையிலேயே துடைப்பானும் இருக்க வேண்டும் என்பதே. வகுப்பறைச் சாளரத்துக்கு வெளியே நீல ஐதராஞ்சியா பூத்திருக்கிறது. அஃது ஏன் நீலம் என்று ஒரு பிள்ளை எழுந்து கேட்கும் நாளில், மலையகத்தில் இரசாயனம் தொடங்கியது எனலாம்.